சிம்ப்சன்ஸ், ஃபியூச்சரமா காமிக்ஸ் சேக்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

காமிக்ஸ் பத்தி பேசற இடத்துல எல்லாம், சிம்ப்சன்ஸ், ஃபியூச்சரமாங்கற ரெண்டு அமெரிக்க டிவி கார்ட்டூனுக்கும் காமிக்ஸ் போட்ட பாங்கோ கம்பெனி புக்ஸ் பத்தி ஒரே சந்தேகங்கள் திரும்ப திரும்ப வந்துட்டே இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்றதுக்கு எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுடலாம்னு தோணுச்சு. கேள்விகள கேட்டவங்க வார்த்தையிலயே விட்டிருக்கேன். மேலேர்ந்து படிச்சிட்டு வந்தீங்கன்னா நல்லது, ஏன்னா கீழ இருக்கற பதில்கள் மேல சொன்னத வச்சுதான் போகும்.

அண்ணா, பாங்கோ காமிக்ஸ்னா என்ன? மார்வெல், டிசி மாதிரி பெரிய கம்பெனியா?

இல்ல, சின்ன கம்பெனியா இருந்துச்சு. சிம்ப்சன்ஸ உருவாக்கின மேட் க்ரேனிங், ஸ்டீவ் வான்ஸ், சிண்டி வான்ஸ், பில் மாரிசன் நாலு பேரும் சேந்து 1993-ல அமெரிக்கால ஆரம்பிச்சது. க்ரேனிங் டிவிக்கு வர்றதுக்கு முன்னாடி 'லைஃப் இன் ஹெல்'னு ஒரு ஸ்ட்ரிப் வரைஞ்சிட்டு இருந்தாரு, அதுல வர்ற ஒத்தை காது முயல் குட்டி பேருதான் பாங்கோ.

டிவி ஷோவ மத்தவங்களுக்கு லைசென்ஸ் குடுத்து காமிக்ஸ் போடறதுதான் வழக்கம். இங்க ஷோவ உருவாக்கினவரே கம்பெனி நடத்தினதால, டிவி எபிசோட அப்படியே படமா போட்டு விக்கற வேலையே இல்ல, எல்லாம் புதுக் கதைங்க. முதல் இதழ்ல வந்த, சிம்ப்சன் வீட்டு அப்பா ஹோமர் ராட்சசனா வளந்துடற கதைக்கு 1994-ல ஐஸ்னர் விருது கெடச்சது. காமிக்ஸ் உலகத்துல அது எவ்ளோ பெரிய விருதுன்னு தெரிஞ்சவங்களுக்கு தெரியும். டிவி ஷோ காமிக்ஸ்தானேன்னு யாராவது ஒதுக்கினா இத மட்டும் சொல்லுங்க.

சிம்ப்சன்ஸ் பெரியவங்க கார்ட்டூன்தானே, காமிக்ஸும் அப்படித்தான் இருக்குமா? வீட்ல பசங்க இருக்காங்க

டிவிய விட காமிக்ஸ் கொஞ்சம் சாது. ஹோமர் பீர் குடிப்பாரு, அவரு பையன் பார்ட் வாலுத்தனம் பண்ணுவான், ஆனா டிவில வர்ற அளவுக்கு அரசியல் நக்கலோ அடல்ட் ஜோக்கோ இருக்காது. பார்ட் சிம்ப்சன் பேர்ல வந்த தனி சீரிஸ் இன்னும் சின்ன பசங்களுக்கானது. ட்ரீஹவுஸ் ஆஃப் ஹாரர்னு வந்த பேய்க்கதை இதழ்கள்ல மட்டும் ரத்தம், வெட்டு குத்து இருக்கும், அத பாத்து குடுங்க.

ப்ரோ மொத்தம் எத்தன புக் இருக்கு? எல்லாத்தையும் சேக்க முடியுமா?

முடியும், ஆனா பொறுமை வேணும். முக்கிய சீரிஸ் 'சிம்ப்சன்ஸ் காமிக்ஸ்' 1993-லேர்ந்து 2018 வரைக்கும் 245 இதழ். 'பார்ட் சிம்ப்சன்' 2000-லேர்ந்து 2016 வரைக்கும் 100. ட்ரீஹவுஸ் ஆஃப் ஹாரர் வருஷத்துக்கு ஒண்ணுன்னு 1995-லேர்ந்து 2017 வரைக்கும் 23. 'சூப்பர் ஸ்பெக்டாகுலர்' 16. ஃபியூச்சரமா அச்சுல 81. இதுக்கு மேல பார்ட்மேன், இட்சி அண்ட் ஸ்க்ராட்சி, ரேடியோஆக்டிவ் மேன், காமிக் புக் கை, வின்டர் ஸ்பெஷல், சம்மர் ஸ்பெஷல், வருஷா வருஷம் ஃப்ரீ காமிக் புக் டே அன்னிக்கு கடையில சும்மா குடுத்ததுன்னு போகும்.

மொத்தத்தையும் ஒரே அடியா பிடிக்கணும்னு ஆரம்பிக்கறவங்க நடுவுலயே விட்டுடறாங்க. ஒரு சீரிஸ எடுத்து முடிங்க, அப்புறம் அடுத்தது. 23 ட்ரீஹவுஸும் அலமாரில வரிசையா நிக்கறப்போ வர்ற சந்தோஷம், அங்கங்க பொறுக்கின அம்பது புக் இருந்தாலும் வராது.

எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? நேரா நம்பர் 1 வாங்கிடட்டுமா?

வாங்கலாம், விலையும் பயப்படற மாதிரி இல்ல. ஆனா நான் சொல்றது, முதல்ல படிக்கறதுக்குன்னு கொஞ்சம் கண்டிஷன் சுமாரான புக்கா ஒரு கட்டு வாங்குங்க. அமெரிக்கால விக்கறவங்க பத்து இருவதுன்னு கட்டு கட்டி போடுவாங்க, தனித்தனியா வாங்கறத விட ரொம்ப மலிவா வரும். படிச்சு பாத்தாதான் உங்களுக்கு எது பிடிக்குதுன்னு தெரியும். ஒருத்தருக்கு ரேடியோஆக்டிவ் மேன் உயிரு, இன்னொருத்தருக்கு அது புரியவே புரியாது. பிடிச்சது எதுன்னு தெரிஞ்சப்புறம் நல்ல காப்பி தேடுங்க.

1993 புக்குன்னா முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சே, நம்பர் 1 ஏன் இவ்ளோ சீப்பா கிடைக்குது? ஏதாவது ஏமாத்தா?

ஏமாத்து இல்ல. 90களோட ஆரம்பத்துல அமெரிக்கால காமிக்ஸ்னா முதலீடுன்னு ஒரு பைத்தியம் பிடிச்சு ஆட்டுச்சு. நம்பர் 1-னு போட்டாலே ஒவ்வொருத்தரும் நாலஞ்சு காப்பி வாங்கி பிளாஸ்டிக் கவர்ல போட்டு பத்திரமா வச்சாங்க. அந்த அலை உச்சத்துல இருந்தப்பதான் பாங்கோ ஆரம்பிச்சது. அப்போ நெறய அச்சடிச்சாங்க, வாங்கினவங்களும் படிக்காம பாதுகாத்தாங்க, அதனால இன்னிக்கும் புத்தம்புது மாதிரி காப்பிங்க ஏகப்பட்டது சுத்திட்டு இருக்கு. பழசா இருக்கறது வேற, அரிதா இருக்கறது வேற. சேக்க ஆரம்பிக்கறவங்க முதல்ல பிடிச்சுக்க வேண்டியது இததான், கீழ 245-ம் இதழ் பத்தின கேள்வில இதோட மறுபக்கம் வருது.

நம்பர் 1 வாங்கறப்போ எத பாக்கணும்? விக்கறவர் "கம்ப்ளீட்"னு போட்டிருக்காரு

"கம்ப்ளீட்"ங்கற வார்த்தைய நம்பாதீங்க, போட்டோ கேளுங்க. சிம்ப்சன்ஸ் 1-ம் இதழ் அட்டை மார்வெலோட ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் இதழ் அட்டைய அப்படியே கிண்டல் பண்ணி வரைஞ்சது, அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது உள்ள இருக்கறது. புக்குக்குள்ளயே பிரிச்சு எடுக்கற மாதிரி ஒரு பெரிய போஸ்டர் உண்டு. 1993-ல இத வாங்கின பையன் என்ன பண்ணியிருப்பான், போஸ்டர உருவி செவுத்துல ஒட்டியிருப்பான். அதனால போஸ்டர் இல்லாத காப்பிங்க நெறய சுத்துது, விக்கறவருக்கே அப்படி ஒண்ணு இருந்தது தெரியாது.

போட்டோ கேக்கறப்போ நடுப்பக்கத்த திறந்து, புக்க சேத்து பிடிச்சிருக்கற ரெண்டு ஸ்டேப்பிள் பின்னும் தெரியற மாதிரி எடுக்க சொல்லுங்க. போஸ்டர உருவியிருந்தா பின்ன சுத்தி பேப்பர் லேசா கிழிஞ்சிருக்கும், இல்லன்னா பின் லூசாகி ஓட்டை நீளமா ஆகியிருக்கும், புக்க மூடினா நடுவுல கொஞ்சம் தொளதொளன்னு நிக்கும். பின்னு துரு பிடிச்சிருக்கான்னும் அதே போட்டோல பாத்துக்கலாம். துரு ஒரு தடவ பேப்பர்ல எறங்கிடுச்சுன்னா போகவே போகாது.

அப்புறம் புக்க திருப்பி பாருங்க. ஆரம்ப இதழ்கள் ஃபிளிப் புக், அதாவது பின்பக்கத்தையும் இன்னொரு அட்டையா வச்சு அந்த பக்கத்துலேர்ந்து வேற கதை ஓடும். 2-ல ஹோமர் பொண்டாட்டியோட அக்காங்க பேட்டியும் செல்மாவும், 3-ல கோமாளி க்ரஸ்டி, 4-ல பஸ் டிரைவர் ஆட்டோவோட 'பஸ்மேன்'. பின் அட்டைதானேன்னு போட்டோல விட்டுடுவாங்க, அங்க கறையோ கிழிசலோ இருந்தா ஒரு அட்டையே போன கணக்கு. 4-ம் இதழ் மாதிரி சிலதுல ட்ரேடிங் கார்டும் உள்ள வந்துச்சு, அது இருக்கான்னும் கேட்டுடுங்க.

பார்ட்மேன் 1, ரேடியோஆக்டிவ் மேன் 1 ரெண்டும் ஸ்பெஷல் கவர்னு சொல்றாங்களே, எப்படி செக் பண்றது?

பார்ட்மேன் 1-க்கு ஃபாயில் கவர். ஃபாயில் பளபளப்புல ஒரு சின்ன உரசல் கூட கோடு கோடா தெரியும், ஆனா நேரா வெளிச்சம் வச்சு எடுத்த போட்டோல அது மறைஞ்சிடும். சாய்வா பிடிச்சு ஒரு போட்டோ கேளுங்க. ரேடியோஆக்டிவ் மேன் 1 இருட்டுல ஒளிரும். வாங்கினப்புறம் ஒரு நிமிஷம் டியூப்லைட் வெளிச்சத்துல காட்டிட்டு லைட்ட அணைச்சு பாருங்க. வருஷக்கணக்கா வெயில் படற இடத்துல வச்ச காப்பின்னா வண்ணமே வெளிறி இருக்கும், ஸ்பைன் பக்கத்த, அதாவது புக்கோட முதுக, மத்த இடத்தோட ஒப்பிட்டு பாத்தா தெரிஞ்சிடும். இந்த ரெண்டுலயும், இட்சி அண்ட் ஸ்க்ராட்சி 1-லயும் கூட உள்ள போஸ்டர் உண்டு, அதனால மேல சொன்ன நடுப்பக்க செக் இதுக்கும் பண்ணிடுங்க.

ரேடியோஆக்டிவ் மேன் 1, 88, 216-ன்னு குதிச்சு குதிச்சு போகுது. நடுவுல இருக்கற புக்கெல்லாம் எங்க கிடைக்கும்?

எங்கயும் கிடைக்காது, ஏன்னா அப்படி ஒண்ணு வரவே இல்ல. எனக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான், எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வியும் இதுதான். ரேடியோஆக்டிவ் மேன் யாரு? டிவில பார்ட் படிக்கற காமிக்ஸ் ஹீரோ. அந்த உலகத்துல அவரு 1950கள்லேர்ந்து மாசா மாசம் வந்துட்டு இருக்கற ஹீரோ. பாங்கோ என்ன பண்ணுச்சுன்னா, அந்த கற்பனை சீரிஸோட பழைய இதழ்கள்ல ஆறு இதழ நிஜமாவே அச்சடிச்சு குடுத்துச்சு. 1-ம் இதழ் 1952, 88 வந்து 1962, 216 வந்து 1972, 412 வந்து 1980, 679 வந்து 1986, கடைசியா 1000-ம் இதழ் 1995. அவ்ளோதான், மொத்தமே ஆறு.

ஒவ்வொண்ணும் அந்தந்த காலத்து அமெரிக்க காமிக்ஸ் எப்படி இருந்துச்சோ அதே மாதிரி வரைஞ்சு எழுதினது. 1952-ல கம்யூனிஸ்ட் பயம், 60கள்ல பக்கத்துக்கு பக்கம் வசனம், 70கள்ல சமூக பிரச்சனைய தோள்ல தூக்கிட்டு அலையற ஹீரோ, 80கள்ல இருண்ட மூஞ்சி, 90கள்ல பளபளா கவரும் பெரிய துப்பாக்கியும். விளம்பரம், வாசகர் கடிதம் வரைக்கும் அந்த காலத்து சாயல்லயே பண்ணியிருப்பாங்க. அமெரிக்க காமிக்ஸோட நாப்பது வருஷ வரலாற ஆறு புக்குல சிரிச்சிட்டே படிச்சிடலாம். பாங்கோல ஒண்ணே ஒண்ணுதான் வாங்குவேன்னு சொல்றவங்களுக்கு நான் இந்த ஆறத்தான் கைய காட்டுவேன்.

2000-லேர்ந்து ரெண்டாவது தடவ ஒரு சீரிஸ் வந்துச்சு, அதுவும் இதே மாதிரி 100, 136, 222-ன்னு குதிக்கும். லிஸ்ட் போடறப்போ ரெண்டையும் கலந்துடாதீங்க.

அப்போ கவர்ல 1952-ன்னு இருக்கறத காட்டி ஒருத்தர் பழைய புக்குன்னு விக்கறாரு, அது?

தெரியாம சொல்றாரா தெரிஞ்சே சொல்றாரான்னு தெரியாது, ஆனா 1952-ல அந்த ஹீரோவே கெடயாது. சிம்ப்சன் குடும்பம் டிவில முதல் தடவ தலைகாட்டினதே 1987-ல ட்ரேசி உல்மன் ஷோல, தனி ஷோவா வந்தது 1989 டிசம்பர்ல. எந்த காமிக்ஸ் வாங்கினாலும் உள்ள பொடி எழுத்துல பதிப்பு விவரம் இருக்கும், யாரு போட்டாங்க, எந்த வருஷ காப்பிரைட், எல்லாம் அங்கதான். கவர்ல இருக்கறது அலங்காரம், அந்த பொடி எழுத்துதான் புக்கோட ஜாதகம்.

நான் வாங்கின சிம்ப்சன்ஸ் காமிக்ஸ் மத்ததவிட பெருசா இருக்கு, விலை பவுண்டுல போட்டிருக்கு, நம்பரும் ஒத்துப்போகல. டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் இல்ல, பிரிட்டிஷ் பதிப்பு. டைட்டன்ங்கற கம்பெனி 90கள்லேர்ந்து இங்கிலாந்துல இந்த கதைகள மேகசின் சைஸ்ல மறுபடி போட்டுட்டு வந்துச்சு, அதுக்கு தனி நம்பர் வரிசை. அதனால அமெரிக்க 50-ம் இதழும் டைட்டன் 50-ம் இதழும் வேற வேற புக். ஆஸ்திரேலியாலயும் தனியா வந்துச்சு. நம்ம ஊர் பழைய புத்தகக் கடைல சில நேரம் கைக்கு சிக்கறது இந்த மாதிரி வெளிநாட்டு பதிப்புதான்.

படிக்க அருமையா இருக்கும், பெரிய சைஸ்ல படம் நல்லாவே தெரியும். ஆனா ஒரிஜினல் முதல் பதிப்பு செட் சேக்கறீங்கன்னா இத அதுல கணக்கு வைக்காதீங்க, தனி வரிசையா வச்சுக்குங்க. வாங்கறதுக்கு முன்னாடி கவர கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் வெப்சைட்ல தேடி பாருங்க, எந்த நாட்டு பதிப்பு, உள்ள எந்த கதைன்னு பெரும்பாலும் அங்க இருக்கும்.

ட்ரீஹவுஸ் ஆஃப் ஹாரர் மட்டும் சேத்தா போதுமா? அதுதான் பெஸ்ட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க

எல்லாரும் சொல்றது சரிதான். மாசா மாசம் வந்த சிம்ப்சன்ஸ்ல யாரு வரைஞ்சாலும் டிவில இருக்கற மாதிரியே இருக்கணும், கோடு மாறக்கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவ வந்த இந்த பேய்க்கதை இதழ்ல மட்டும் அந்த கட்டுப்பாட தளர்த்தி விட்டாங்க. 1995 முதல் இதழ்லயே ஜெஃப் ஸ்மித், மைக் ஆல்ரெட், ஜேம்ஸ் ராபின்சன்னு அப்போ கொடிகட்டி பறந்த ஆளுங்க. 2001-ல வந்த 7-ம் இதழ்ல ஆலிஸ் கூப்பர், ராப் ஸோம்பி, ஜீன் சிம்மன்ஸ்னு ராக் பாட்டுக்காரங்க பேர்ல கதைங்க. 11-ம் இதழ்ல பெர்னி ரைட்சன், ஜீன் கோலன், ஜான் செவரின்னு பழைய பேய் காமிக்ஸ் ஜாம்பவான்கள கூட்டிட்டு வந்தாங்க. 2009-ல வந்த 15-ம் இதழ சாமி ஹார்க்கம்ங்கற காமிக்ஸ் ஆர்ட்டிஸ்ட் எடிட் பண்ணாரு, உள்ள முழுக்க வழக்கமான பாணிய விட்டு தங்க இஷ்டத்துக்கு வரையற மாற்று காமிக்ஸ் ஆளுங்க, ஹோமர அந்த மாதிரி நீங்க எங்கயும் பாத்திருக்க மாட்டீங்க.

14-ம் இதழ் கதை தனியா சொல்லணும். கனடாவுல நீனா மட்சுமோட்டோன்னு ஒரு பொண்ணு 2007-ல சிம்ப்சன்ஸ் ஆளுங்க எல்லாரையும் ஜப்பான் காமிக்ஸ், அதாவது மாங்கா ஸ்டைல்ல ஒரே படமா வரைஞ்சு, டீவியன்ட்ஆர்ட்ங்கற ஓவிய வெப்சைட்ல போட்டாங்க. அது இன்டர்நெட் முழுக்க பரவுச்சு. அத பாத்துட்டு பாங்கோவே வேலை குடுத்துச்சு. அவங்க வரைஞ்சு இயன் பூத்பி எழுதின, 'டெத் நோட்'ங்கற மாங்காவ கிண்டல் பண்ற கதைதான் 14-ம் இதழ்ல இருக்கு, அதுக்கு 2009-ல ஐஸ்னர் கெடச்சது. ஒரு ரசிகை வரைஞ்ச படத்துல ஆரம்பிச்சு விருது வரைக்கும் போன கதை இது, அந்த இதழ கைல எடுக்கறப்பல்லாம் எனக்கு ஒரு உற்சாகம் வரும்.

ஃபியூச்சரமா காமிக்ஸ் டிவில வந்ததுதானா, இல்ல தனிக் கதையா?

தனிக் கதை. 2000 கடைசில ஆரம்பிச்சது. ஃபியூச்சரமாவ டிவில 2003-ல நிறுத்திட்டாங்க, அப்புறம் 2007 கடைசில டிவிடி படமா திரும்பி வர்ற வரைக்கும் புது எபிசோடே கெடயாது. அந்த நாலு வருஷமும் ஃப்ரை, லீலா, பெண்டர் மூணு பேரும் புதுசா உயிரோட இருந்தது இந்த காமிக்ஸ்லதான். அந்த காலத்து இதழ்கள படிக்கறப்போ அத மனசுல வச்சு படிங்க, டிவி கைவிட்டத பேப்பர் தூக்கி சுமந்துட்டு இருந்துச்சு. 2016-ல அச்சு நின்னுடுச்சு, அதுக்கப்புறம் வந்தது டிஜிட்டல்ல மட்டும், அத பேப்பர்ல தேடி அலையாதீங்க.

சிம்ப்சன்ஸும் ஃபியூச்சரமாவும் சந்திக்கற க்ராஸ்ஓவர் ரெண்டு தடவ வந்துச்சு, 2002-லயும் 2005-லயும், ரெண்டும் ரெண்டு ரெண்டு இதழ். டிவில இந்த ரெண்டு குடும்பமும் ஒழுங்கா சந்திச்சது 2014-லதான். தனி இதழா நாலும் கிடைக்கலன்னா ஏப்ரம்ஸ்ங்கற கம்பெனி 2010-ல போட்ட கெட்டி அட்டை புக்ல ரெண்டு கதையும் இருக்கு.

தொகுப்பு புக்கே வாங்கிட்டா போதாதா? எதுக்கு தனி இதழ்?

படிக்க மட்டும்னா தாராளமா போதும். எக்ஸ்ட்ராவகன்சான்னு வந்த முதல் தொகுப்புல முதல் நாலு இதழ் இருக்கு. 2013-லேர்ந்து வந்த கொலாசல் கம்பெண்டியம் தடிமனான நல்ல புக்கு. ட்ரீஹவுஸ் பேய்க்கதைகள 2022-லேர்ந்து ஏப்ரம்ஸ் 'ஆம்னிபஸ்'ங்கற பெரிய தொகுப்பா போட்டாங்க, பேப்பர், அச்சு ரெண்டும் அட்டகாசம், 23 இதழ் தேட பொறுமை இல்லாதவங்க அதுக்கு போங்க.

ஆனா தொகுப்புல எல்லா இதழும் வராது, வரிசையும் மாறும், ஃபிளிப் கவர், போஸ்டர், கார்டு, வாசகர் கடிதப் பக்கம் இதெல்லாம் போயிடும். ரேடியோஆக்டிவ் மேன் மாதிரி ஒரு புக்குக்கு அந்த சுத்தியிருக்கற சமாச்சாரம்தான் பாதி ஜோக்கே.

இந்தியாவுலேர்ந்து வாங்கறதுக்கு நல்ல வழி சொல்லுங்க ப்ரோ, ஷிப்பிங் புக்க விட அதிகமா வருது

ஒரு புக்கா வாங்கினா அப்படித்தான் வரும். ஒரே விக்கறவர்கிட்ட நெறய புக் எடுத்து ஒண்ணா அனுப்ப சொல்லுங்க, ஈபேல நெறய பேரு சேத்து அனுப்ப ஒத்துக்குவாங்க, வாங்கறதுக்கு முன்னாடியே மெசேஜ் போட்டு கேட்டுடணும். முதல் புக்குக்குதான் ஷிப்பிங் அதிகம், அதுக்கப்புறம் புக்கு கூட கூட ஒரு புக்குக்கான செலவு இறங்கிட்டே வரும். வெளிநாட்டுல சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் இருந்தா அவங்க வீட்டுக்கு அனுப்பி, ஊருக்கு வர்றப்போ பெட்டில போட்டு எடுத்துட்டு வர சொல்றதுதான் இன்னிக்கும் பெஸ்ட் வழி.

பார்சலா வந்தா கஸ்டம்ஸ் விழலாம், அதயும் சேத்து பட்ஜெட் போடுங்க. பேக்கிங் பத்தி வாய விட்டு சொல்லுங்க, ரெண்டு கெட்டி அட்டைக்கு நடுவுல வச்சு, தண்ணி புகாத கவர்ல போட்டு, அப்புறம் டப்பான்னு. மழைக்காலத்துல வர்ற பார்சலுக்கு இது கட்டாயம்.

சென்னை வெக்கைக்கும் ஈரத்துக்கும் எப்படி பாதுகாக்கறது? ஓரமெல்லாம் அலை அலையா ஆயிடுது

அலை அலையா ஆகுதுன்னா பேப்பர் ஈரம் குடிக்குதுன்னு அர்த்தம். ஒவ்வொரு புக்குக்கும் ஒரு பிளாஸ்டிக் பேக், உள்ள முதுகுக்கு ஒரு போர்ட். போர்ட் ஆசிட் இல்லாததா இருக்கணும், சாதா கார்ட்போர்ட வெட்டி வச்சா அதுலேர்ந்து வர்ற அமிலமே புக்க மஞ்சளாக்கிடும். பேக்க 'கரெண்ட்' சைஸ் இல்லன்னா 'மாடர்ன்' சைஸ்னு கேட்டு வாங்குங்க, டைட்டன் புக்குக்கு அது பத்தாது, மேகசின் சைஸ் வேணும்.

டப்பாவ தரைலயோ வெளி செவுத்து ஓரமாவோ வைக்காதீங்க, ஈரம் அங்கேர்ந்துதான் ஏறும். இரும்பு பீரோல நடுத்தட்டு நல்லது. சிலிகா ஜெல் பாக்கெட் போடுங்க, நாள் ஆக ஆக அது ஈரத்த இழுக்கறத விட்டுடும், மாத்தணும். அந்துருண்டை போடவே போடாதீங்க, அந்த வாசனை பேப்பர்ல ஏறினா வருஷக்கணக்கா போகாது. ராமபாணப் பூச்சிக்கு வழி, டப்பாவ அடிக்கடி திறந்து பாக்கறதுதான், இருட்டுல யாரும் தொடாம கெடக்கற பேப்பர்தான் அதுக்கு வேணும். நவம்பர், டிசம்பர் மழை முடிஞ்சதும் ஒரு நாள் எல்லாத்தையும் வெளில எடுத்து ஃபேன் காத்துல வைங்க. வெயில்ல வைக்காதீங்க, அந்த சிம்ப்சன்ஸ் மஞ்சள் சீக்கிரம் வெளிறிடும்.

சிஜிசி கிரேடிங் பண்ணி ஸ்லாப்ல போடலாமா? விலை ஏறுமா?

பெரும்பாலான பாங்கோ புக்குக்கு வேண்டாம். சிஜிசிங்கறது அமெரிக்கால இருக்கற கம்பெனி, புக்க பாத்து 10-க்கு மார்க் போட்டு பிளாஸ்டிக் பெட்டில சீல் பண்ணி தருவாங்க, அந்த பெட்டிதான் ஸ்லாப். இங்கேர்ந்து அனுப்பி, கிரேடிங் கட்டணம் கட்டி, திருப்பி வரவழைக்கற செலவு நெறய பாங்கோ இதழோட விலையவே தாண்டிடும். நம்பர் 1 சூப்பர் கண்டிஷன்ல ஏகப்பட்டது இருக்குன்னு மேலயே சொன்னேன், அதனால 9.8-க்கு கீழ மார்க் வந்தா யாரும் கூடுதலா குடுக்க மாட்டாங்க.

அதோட சீல் பண்ணினா படிக்க முடியாது. ஃபிளிப் புக்க திருப்பி படிக்க முடியாம, போஸ்டர விரிச்சு பாக்க முடியாம வச்சுக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல. உங்க பணம், உங்க இஷ்டம், ஆனா ஏற்கனவே ஸ்லாப்ல இருக்கறத வாங்கறது இங்கேர்ந்து அனுப்பறத விட எப்பவுமே மலிவு.

கடைசி இதழ் 245, ரொம்ப புதுசு, 2018 தானே. அது ஏன் நம்பர் 1-ஐ விட கஷ்டமா இருக்கு?

முன்னாடி சொன்னதோட மறுபக்கம் இது. அமெரிக்கால காமிக்ஸ் கடைங்க மாசக்கணக்குல முன்னாடியே ஆர்டர் குடுக்கணும், விக்காதத திருப்பி அனுப்ப முடியாது. அதனால எவ்ளோ விக்கும்னு உறுதியா தெரியுமோ அவ்ளோதான் எடுப்பாங்க, கம்பெனியும் அந்த அளவ ஒட்டித்தான் அச்சடிக்கும். 2010க்கு அப்புறம் சிம்ப்சன்ஸ் காமிக்ஸ கடைல வாங்கினவங்க குறைஞ்சுட்டாங்க, வாங்கினதுலயும் பாதி பசங்க படிச்சு கிழிச்சது. யாரும் முதலீடுன்னு பதுக்கல. அதனால கடைசி வருஷங்களோட இதழ்கள், குறிப்பா 200-க்கு மேல, நல்ல கண்டிஷன்ல பாத்தா யோசிக்காம எடுத்துடுங்க, நம்பர் 1 எப்ப வேணா கிடைக்கும்.

ஒருத்தர் நம்பர் 1-க்கு முன்னாடியே ஒரு சிம்ப்சன்ஸ் காமிக்ஸ் வந்துச்சுன்னு சொல்றாரு. அப்போ எது நிஜமான முதல் புக்?

அவரு சொல்றது சரி. வெல்ஷ் பப்ளிஷிங்னு ஒரு கம்பெனி 1991-லேர்ந்து 'சிம்ப்சன்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்'னு ஒரு மேகசின் நடத்துச்சு, அதுல காமிக்ஸ் பக்கங்களும் வரும். அவங்களே 1993-ல 'சிம்ப்சன்ஸ் காமிக்ஸ் அண்ட் ஸ்டோரீஸ்'னு ஒரே ஒரு இதழ் போட்டாங்க. அதுக்கு கெடச்ச வரவேற்புக்கு அப்புறம்தான் பாங்கோவே பொறந்துச்சு. அதனால முழு காமிக்ஸ் புக்குன்னு பாத்தா அதுதான் முதல், பாங்கோவோட முதல்னா நவம்பர் 1993.

அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. காமிக்ஸ் கடைக்கு போன காப்பி பிளாஸ்டிக் பைல பார்ட்மேன் போஸ்டரோட சீல் பண்ணி வந்துச்சு, நியூஸ்ஸ்டாண்ட், அதாவது பேப்பர் கடைக்கு போன காப்பில போஸ்டர் கெடயாது. போஸ்டர் இல்லன்னா உருவிட்டாங்கன்னு சண்டைக்கு போகாம, எந்த காப்பின்னு முதல்ல கேளுங்க.

இதே மாதிரி வேற அடல்ட் கார்ட்டூன் காமிக்ஸ் எது சேக்கலாம்?

மார்வெல் 1994-லேர்ந்து 96 வரைக்கும் போட்ட பீவிஸ் அண்ட் பட்ஹெட், 28 இதழ், ரிக் பார்க்கர் வரைஞ்சது, சின்ன செட், முடிக்க சுலபம். ரிக் அண்ட் மார்ட்டி ஓனி ப்ரெஸ்ல 2015-லேர்ந்து 2020 வரைக்கும் 60 இதழ், தொகுப்பா வாங்கினா 12 புக்குல முடிஞ்சுடும், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸோட மோதற தனி சீரிஸும் நல்லா இருக்கும். ரிக் அண்ட் மார்ட்டில ஒரே இதழுக்கு கவர் நெறய, அத்தனையும் வேணும்னு போனா பணம் கரைஞ்சுடும், ஒரு கவர் போதும்னு முடிவு பண்ணிக்குங்க. பாப்ஸ் பர்கர்ஸ் டைனமைட் கம்பெனி 2014-லேர்ந்து போட்டது, அதுவும் நல்ல புக்.

கடைசியா ஒண்ணு. நான் வாங்கின புக் கவர்ல மேட் க்ரேனிங் கையெழுத்து இருக்கு! சிக்கினது லக்கா?

அச்சடிச்ச கையெழுத்து அது. பாங்கோ கவர்கள எடுத்து வரிசையா பாருங்க, அவரு கையெழுத்து படத்தோட ஓரத்துல இருந்துட்டே இருக்கும், வரைஞ்சது பில் மாரிசனா இருந்தாலும் சரி வேற யாரா இருந்தாலும் சரி. நிஜ கையெழுத்துன்னா அது அச்சு கையெழுத்துக்கு மேல தனியா, பேனாவாலயோ மார்க்கராலயோ போட்டிருக்கும், சாய்வா வெளிச்சத்துல பிடிச்சா மை பளபளப்பு வேறயா தெரியும், சில நேரம் அட்டை லேசா அழுந்தியும் இருக்கும். அச்சுல ரெண்டும் இருக்காது, லென்ஸ் வச்சு பாத்தா சுத்தி இருக்கற படத்தோட அதே அச்சுல ஒண்ணா கலந்திருக்கும்.

நிஜமாவே கையெழுத்து போட்ட காப்பின்னு விலை ஏத்தி விக்கறவர்கிட்ட, எங்க எப்போ வாங்கினதுன்னு கேளுங்க, கையெழுத்து போடறப்போ எடுத்த போட்டோ இருக்கான்னு கேளுங்க. உள்ள யாரு எழுதினது, யாரு வரைஞ்சதுன்னு கிரெடிட்ஸ்ல இருக்கற பேர்களயும் ஒரு தடவ படிங்க, இயன் பூத்பி, பில் மாரிசன், நீனா மட்சுமோட்டோ மாதிரி ஆளுங்க கையெழுத்து போட்ட காப்பி கெடச்சா என்னைப் பொறுத்தவரைக்கும் அதுக்கும் அதே மரியாதை, அந்த பக்கங்கள உக்காந்து பண்ணினவங்க அவங்கதான்.